லாட நண்டு பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் லாட நண்டு எண்ணும் தன்னார்வலர்களோடு மே, ஜூன் இரவுகளில் கடற்கரைக்குப் போகிறவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

நர்ஸ் ஒருவர்: நாங்கள் போடும் ஊசிக்கும் இந்த நண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. மருந்தைக் கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆனால் அதன் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு அழியாது. ரத்தத்தில் கலந்தால் குளிர் காய்ச்சல், சில சமயம் உயிருக்கே ஆபத்து. முன்பெல்லாம் முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். இந்த நண்டின் ரத்தம் பாக்டீரியா பட்டதும் உறைவதை 1956இல் ஃபிரெடரிக் பாங் என்ற ஆய்வாளர் எழுதினார். பிறகு ஜாக் லெவினும் சேர, அது சோதனையாகவே ஆனது. நண்டின் ரத்த அணுச் சாற்றையும் மருந்தையும் சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் குழாயைக் கவிழ்ப்பார்கள். உறைந்தது வழியாமல் அடியிலேயே நின்றால் எண்டோடாக்சின் இருக்கிறது என்று அர்த்தம்.

மாணவி: ரத்தம் ஏன் நீலம்?

நம் ரத்தத்தில் இரும்பு இருக்கும் இடத்தில் அதற்குச் செம்பு.

சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு நண்டைக் கடலில்தானே விடுகிறார்கள், அப்புறம் என்ன?

விடுகிறார்கள், சரி. ஆனால் சுமார் 15 சதவீதம் பிறகு செத்துப்போவதாகக் கணக்கு. 30 வரை சொல்லும் ஆய்வுகளும் உண்டு. முட்டையிடும் பருவத்துக்கு வரவே பத்து வருடம் ஆகும் உயிருக்கு இது பெரிய இழப்பு. விலாங்கு பிடிக்க இரையாகவும் வெட்டிப் போடுகிறார்கள். இதன் முட்டையைத் தின்று கொழுத்துத்தான் ரெட் நாட் என்ற உள்ளான் பறவை ஆர்க்டிக் வரை பறக்கிறது. அந்தப் பறவை குறைந்ததால்தான் நியூ ஜெர்சி மாநிலம் 2008இல் இரைக்காக நண்டு பிடிப்பதையே தடை செய்தது.

மாற்று கிடையாதா?

இருக்கிறது! சிங்கப்பூரில் ஜீக் லிங் டிங், போ ஹோ இருவரும் நண்டின் மரபணுவைக் கொண்டு, எண்டோடாக்சினைக் கண்டுகொள்ளும் அதன் ரத்தப் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். மருந்துகளின் தர விதிகளைச் சொல்லும் ஐரோப்பிய மருந்துநூல் 2021இலும் அமெரிக்க மருந்துநூல் 2025இலும் அதற்கு இடம் கொடுத்துவிட்டன. இனியும் மருந்து நிறுவனங்கள் தயங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கரையில் கவிழ்ந்து கிடந்தால் தொடலாமா? வால் கொட்டுமா?

கொட்டாது. புரண்டு எழத்தான் அந்த வால். அதைப் பிடித்துத் தூக்காதீர்கள், முறிந்துவிடலாம். இரண்டு கையாலும் ஓட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி வையுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும். அப்புறம் ஈர மணலில் வாலால் கோடு இழுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நகரும்.