மருத்துவர் பதில்கள்: தியோஃபிலினும் காய்ச்சல் மாத்திரையும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகளாகத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற மாதம் சளிக்காய்ச்சல் கண்டபோது மருந்துக்கடையில் கேட்டுச் சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இருமலுக்கு அஞ்சிச் சுருட்டையும் அவர் விட்டுவிட்டார். சில நாட்களில் குமட்டலும் படபடப்பும் தொடங்கின, தூக்கமே இல்லை. சிப்ரோ முடிந்தபின் குறைந்தாலும் கைநடுக்கம் இன்னும் இருக்கிறது. ஆஸ்துமா முற்றுகிறதா?
வாசகி, யாங்கூன்

பதில்: நீங்கள் விவரித்திருப்பவை, தியோஃபிலின் இரத்தத்தில் மிகுந்துபோனதன் அறிகுறிகளாகவே தோன்றுகின்றன. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த மருந்து இது. மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. இதைச் சிதைத்து வெளியேற்ற உதவும் கல்லீரல் நொதியைச் சிப்ரோஃப்ளாக்ஸசின் தடுக்கிறது. சுருட்டுப் புகையோ அதே நொதியைத் தூண்டுவதால், புகைப்பவர்களுக்கு மாத்திரையின் அளவு கூடுதலாகத் தேவைப்படுவதுண்டு. புகை நின்ற சில நாட்களிலேயே அந்த அளவு மிகையாகிவிடும். சிப்ரோ முடிந்தும் நடுக்கம் நீடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அதற்காகச் சுருட்டை மீண்டும் பற்றவைக்க வேண்டாம். குறைக்க வேண்டியது மாத்திரையின் அளவை. அதையும் நீங்களாகச் செய்யாமல், தாமதமின்றி மருத்துவரிடம் காட்டி, இயன்றால் இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்த வாந்தியோ, தாறுமாறான நாடித்துடிப்போ, வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டீக்கடையில் நாலைந்து கோப்பை அருந்துபவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேநீரிலுள்ள காஃபீன் தியோஃபிலினுக்கு நெருங்கிய உறவு. அது உடலைவிட்டு வெளியேறுவதையும் சிப்ரோ தாமதப்படுத்தும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளான எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், வயிற்றுப்புண்ணுக்கான சிமெடிடின் ஆகியவையும் தியோஃபிலினை உயர்த்துபவை. இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியான அமாக்ஸிசிலினால் பெரும்பாலும் இத்தொல்லை நேர்வதில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் தியோஃபிலினின் அளவைக் குறைத்து மூச்சிரைப்பைத் திரும்ப வரவழைக்கலாம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் முன்னதை மறக்கவே கூடாது.

கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லப் பலருக்குத் தோன்றுவதில்லை. கண் அழுத்தத்திற்கு இடும் டிமோலால் சொட்டுமருந்து இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழலைச் சுருக்கும். மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் இன்ஹேலரின் பலனையும் அது தடுக்கும். இரத்த அழுத்தத்திற்கான புரோப்ரனலாலும் அப்படியே. ஆகவே அப்பா எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்துக்கடைக்கே போனாலும், தியோஃபிலின் அட்டையைக் கையோடு கொண்டுபோகட்டும்.