ஜப்பான் பலகாரப் பெட்டியும் ஏறாத ஹீமோகுளோபினும்

கேள்வி: எனக்கு வயது 58. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன், பிபி மாத்திரையும் உண்டு. ஒசாகாவில் வேலை பார்க்கும் மகள் சந்தா கட்டியிருக்கிறாள், அதனால் நான்கு மாதமாக மாதம் ஒரு பெட்டி ஜப்பானியப் பலகாரமும் தேயிலையும் வீட்டுக்கு வருகிறது. பயறில் செய்த இனிப்பு, அரிசி வறுவல், பச்சைத் தேயிலை, அதையே பொடித்த மட்சா எல்லாம் இருக்கும். இனிப்பு பயறில் செய்ததுதானே, நான் சாப்பிடலாமா? பச்சைத் தேநீர் சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்கள், அதனால் மதியம் சாப்பிட்டு இரும்பு மாத்திரை போட்டதும் ஒரு கப் குடிக்கிறேன். மூன்று மாதம் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.6-லேயே நிற்கிறது. வால்வு ஆபரேஷன் ஆன என் கணவர் வார்ஃபரின் எடுக்கிறார். மூன்று வயதுப் பேரனும் எங்களோடு இருக்கிறான். அவர்களுக்கு இதையெல்லாம் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்:

அம்மா, இனிப்புக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மதிய நேரத்துத் தேநீர். இரும்பு மாத்திரை, அதன் பின்னாலேயே ஒரு கப் பச்சைத் தேநீர் என்று மூன்று மாதம் போயிருக்கிறது. தேயிலைக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் கேட்டச்சின் போன்ற பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட இரும்பை உடலால் உறிஞ்ச முடியாது, நீங்கள் விழுங்கியதில் நல்ல பங்கு மலத்தோடு போய்விடும். மாத்திரைக்கு மட்டும் இல்லை, கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்புக்கும் இதே கதிதான். நம் பால் டீயும் காபியும் இந்த வேலையைச் செய்யும். அதனால் இன்றிலிருந்தே மாத்திரையைக் காலை பதினோரு மணி வாக்கில், இட்லி செரித்து வயிறு கொஞ்சம் காலியான பிறகு, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுங்கள், சர்க்கரை சேர்க்க வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ, காபி, பால் எதுவும் கூடாது. ஜப்பான் தேநீரை மாலை நான்கு மணிக்குத் தள்ளிவிடுங்கள், நிம்மதியாகக் குடிக்கலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் தேநீர் மேல் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பெரிய கவலை. மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு இரும்புச் சத்து குறைகிறது என்றால், ரத்தம் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வயிற்றுப்புண், மூலம், குடலில் கட்டி, இவற்றில் எதுவும் வலி இல்லாமல் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ரத்தத்தைக் கசியவிடலாம். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை உங்களுக்குப் பார்த்தார்களா என்று கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லை என்றால் பாருங்கள். கூடவே பி12-ம் பாருங்கள், ஏனென்றால் மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது அடிக்கடி நடக்கிறது, அதுவும் ரத்தசோகையைக் கொண்டுவரும், கால் மரத்துப்போவதும் அதனால் இருக்கலாம். இரும்புக் குறைவு உறுதியானால் குடல் மருத்துவரிடம் எண்டோஸ்கோப்பி பற்றிப் பேசுங்கள், தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று, இரும்புக் குறைவு இருக்கும்போது எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் சர்க்கரை மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது.

சரி, இனிப்பு. ஜப்பானியர்கள் அசுகி என்கிற சிவப்புப் பயறை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறுவதைத்தான் 'ஆன்' என்கிறார்கள், நம் காராமணிக்குச் சொந்தக்காரப் பயறு அது. மோதகத்துக்குள் நாம் பூரணம் வைப்பது போல மொச்சி என்ற அரிசி உருண்டைக்குள், மாஞ்சூ என்ற குட்டி பன்னுக்குள், டோராயாகி என்ற இரட்டை அப்பத்துக்கு நடுவில் எல்லாம் இந்த ஆன்தான் இருக்கும். பயறில் நார்ச்சத்தும் புரதமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்கிற சர்க்கரை சாதாரண அளவில் இல்லை. யோகான் என்று கட்டியாக, பளபளப்பாக ஒரு துண்டு வரும் பாருங்கள், ஆனோடு கடல்பாசியும் (நம் வீட்டில் சைனா கிராஸ் என்போமே, அதேதான்) சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சியது, அதில் 100 கிராமுக்கு 70 கிராம் வரை மாவுச்சத்து, பெரும்பங்கு சர்க்கரை. 50 கிராம் துண்டு ஒன்று சுமார் மூன்று சின்ன இட்லிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொச்சி ஒட்டும் அரிசியில் செய்வது, அந்த அரிசியின் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின் என்ற வகை, சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். இனிப்பே இல்லாத மொச்சியும் அப்படித்தான்.

அப்படியானால் தொடவே கூடாதா? தொடலாம். அந்த ஊர்த் தேநீர்ச் சடங்கில் கசப்பான மட்சாவுக்கு முன்னால் ஒரே ஒரு சின்ன இனிப்பு கொடுப்பார்கள், அதை மெதுவாகச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் தேநீர் வரும். இனிப்பு அவ்வளவு அழகாக, அவ்வளவு சின்னதாக இருப்பது ஒன்றோடு நிறுத்துவதற்குத்தான், நாம்தான் டிவி பார்த்துக்கொண்டே பெட்டியைக் காலி செய்கிறோம். வாரத்தில் இரண்டு நாள், ஒரு துண்டில் பாதி, அன்று மாலை வேறு பலகாரம் கிடையாது, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு முறை பாருங்கள். 180-ஐத் தாண்டினால் அந்த இனிப்பு உங்களுக்கு ஒத்துவரவில்லை. இனிப்புச் சாப்பிடுவதற்காக மதியச் சாப்பாட்டை விட்டுவிட மட்டும் வேண்டாம், கிளிமிபிரைடு எடுக்கிறீர்கள், பட்டினி கிடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வந்துவிடும்.

பச்சைத் தேநீர் சர்க்கரையைக் குறைக்குமா என்று கேட்டீர்கள். 12-ம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்த எய்சாய் என்ற ஜென் துறவி தேநீரை மருந்தாகவே எழுதிவைத்தார், அந்த மரியாதை இன்றும் அதற்கு உண்டு. ஆனால் உங்கள் மாத்திரையின் இடத்தில் உட்காரும் அளவுக்கு அதற்குச் சக்தி கிடையாது, ஒரு வேளை மாத்திரையைக்கூட அதை நம்பி விடாதீர்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கப் பழகியிருக்கிறீர்கள், உண்மையான லாபம் அதில்தான். மட்சா லாட்டே என்று பாக்கெட்டில் வருவது வேறு, சர்க்கரையும் பால்பொடியும் கலந்திருக்கும். அப்புறம் தூக்கம்: செஞ்சா என்ற சாதாரணப் பச்சைத் தேநீரில் 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் அளவு கஃபைன், காபியில் 60. க்யோகுரோ என்ற உயர்ந்த ரகத்தில் மட்டும் 160 வரை போகும், அதைச் சின்னக் கிண்ணத்தில் குடிப்பது அதனால்கூட நல்லது. இரவு ஏதாவது குடிக்கத் தோன்றினால் பெட்டியில் வரும் முகிச்சா, வறுத்த பார்லி நீர், தேயிலையே இல்லாதது, கஃபைனும் இல்லை.

பிபிக்கு அந்த அரிசி வறுவலைத்தான் கவனிக்க வேண்டும். செம்பே என்ற அந்த வறுவலின் மேல் தடவியிருப்பது சோயா சாஸ், அது உப்பு. உமேபோஷி என்ற உப்பிட்ட பிளம் வந்தால் இன்னும் கவனம், பழைய முறையில் போட்டது ஒன்றிலேயே சுமார் 2 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜப்பானிய எழுத்து தெரியாதே என்று நினைக்காதீர்கள். பாக்கெட்டின் பின்னால் சத்து அட்டவணை எப்போதும் ஒரே வரிசையில் வரும்: கலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, கடைசியில் உப்பு கிராமில். அது ஒரு பாக்கெட்டுக்கா 100 கிராமுக்கா என்பதை மட்டும் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். தேதியில் ஆண்டு முதலில் வரும், பிறகு மாதம், நாள். சைவம் என்றால் அதையும் கேமராவில் பாருங்கள், வறுவலின் சுவைக்கு மாசிக்கருவாடு போன்ற கட்ஸுவோபுஷி சேர்த்திருப்பது சகஜம்.

உங்கள் கணவர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் வார்ஃபரின் ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கிறது. நாட்டோ என்ற புளிக்கவைத்த சோயாவில் வைட்டமின் கே மிக அதிகம், அதிலுள்ள பாக்டீரியா குடலுக்குள் போயும் அதை உண்டாக்கும். ஜப்பானிலேயே வார்ஃபரின் எடுப்பவர்களிடம் நாட்டோ வேண்டாம் என்று சொல்லித்தான் மாத்திரை கொடுக்கிறார்கள். சில பெட்டிகளில் உலர்த்திய நாட்டோ நொறுக்குத்தீனியாக வரும், அதை அவர் தொடவே கூடாது. ஆஒஜிரு என்ற பச்சைக் கீரைப் பொடியும் அப்படியே. வடிகட்டிய செஞ்சா ஒன்றிரண்டு கப் குடிக்கலாம், இலையின் வைட்டமின் கே தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. மட்சாவில் இலையையே பொடித்துக் குடிக்கிறோம், 2 கிராமில் ஏறக்குறைய 58 மைக்ரோகிராம் போய்விடும். இன்று இரண்டு கப், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால் ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) ஆட்டம் காணும், வால்வில் ரத்தம் கட்டினால் பக்கவாதம் வரை போகலாம். அவருக்கு மட்சா வேண்டாம். இந்த நான்கு மாதத்தில் குடித்திருந்தால் இந்த வாரமே ஐ.என்.ஆர் பாருங்கள்.

பேரனுக்கு மொச்சி கொடுக்காதீர்கள். தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும், ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் பெரியவர்களே இப்படி மொச்சி அடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், சின்னத் துண்டாக வெட்டித் தேநீரில் தொண்டையை நனைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்லித் தீயணைப்புத் துறையே வேண்டிக்கொள்கிறது. நீங்களும் அப்படியே சாப்பிடுங்கள். கொன்யாகு என்ற கிழங்கில் செய்த ஜெல்லி, வறுத்த முழு சோயா, கொம்பெய்தோ என்ற குட்டிக் கல்கண்டு மிட்டாய், இவையும் அவன் கைக்கு எட்டக் கூடாது. முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு, அக்ரூட், சோபா என்ற பக்வீட் (பெயரில் மட்டும்தான் கோதுமை), இவை சேர்ந்திருந்தால் பாக்கெட்டின் மேல் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். அவனுக்கு ஏதாவது ஒவ்வாமை இருந்தால் அந்த வரியைப் படிக்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். அரிசி வறுவல் பாக்கெட்டுக்குள் இருக்கும் குட்டிப் பை பல நேரம் சுட்ட சுண்ணாம்பு, எச்சில் பட்டாலே கொதிக்கும், கண்ணிலோ வாயிலோ பட்டால் புண்ணாகிவிடும், பாக்கெட்டைத் திறந்த உடனே அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். தெரியாமல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஃபெரிட்டின், பி12, உங்கள் கணவரின் ஐ.என்.ஆர், மூன்றும் கையில் வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள், அதற்குள் தேநீரை நான்கு மணிக்கு மாற்றிவிடுங்கள்.