ஈசினோபில் கூடினால் வயிற்றில் பூச்சியா? கேள்வி பதில்

கேள்வி: சார், பையனுக்கு ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் 12 சதவீதம். வயிற்றில் பூச்சிதான் என்கிறார் மாமியார். சரியா?

பதில்: இருக்கலாம். ஆனால் ஈசினோபில் என்ற வெள்ளையணுவின் சதவீதத்தை விட்டுவிட்டு, ஏ.இ.சி. என்ற எண்ணை, அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை ஈசினோபில் என்பதைப் பாருங்கள். அது 500-ஐத் தாண்டினால்தான் அதிகம் என்போம். மொத்த வெள்ளையணுக்கள் 4,000 என்றால், 12 சதவீதம் வெறும் 480தான். 10,000 என்றால் 1,200 ஆகிவிடும். பூச்சி மட்டுமில்லை, ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மருந்துகளாலும் கூடும்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் படிக்கிறேன் சார். வெள்ளையணு கிருமியை விழுங்கும் என்று பாடத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய புழுவை எப்படி விழுங்கும்?

பதில்: விழுங்காது. நாக்குப்பூச்சி ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். அணுவோ கண்ணுக்கே தெரியாது. ஸ்லைடில் ஈசினோபிலைப் பார்த்திருப்பீர்கள்: மூக்குக்கண்ணாடி போல இரண்டு மடல் கொண்ட கரு, சுற்றிலும் ஆரஞ்சு நிறத் துகள்கள். (எனக்குப் பிடித்த அணு இதுதான்.) ஈசின் சாயத்தை அந்தத் துகள்கள் பிடித்துக்கொள்வதை வைத்து 1879-இல் இதை அடையாளம் காட்டியவர் பால் எர்லிக். அந்தத் துகள்களில்தான் விஷயமே இருக்கிறது. புழுவின் லார்வா (இளம்புழு) திசுவுக்குள் நுழைந்ததும் எதிர்ப்பொருள்கள் அதன் மேல் ஒட்டும். உதவி டி அணுக்கள் என்ற வேறு வெள்ளையணுக்கள் இன்டர்லியூக்கின்-5 என்ற சைகைப் புரதத்தைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை ஈசினோபில்களை உற்பத்தி செய்து தள்ளும். அவை லார்வாவைச் சூழ்ந்து, துகள்களிலுள்ள நச்சுப் புரதங்களை அதன் தோல் மேலேயே கொட்டும். அக்கம்பக்கத்து நம் திசுவும் அதில் அடி வாங்கும்.

குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு வேறு வழி. இன்டர்லியூக்கின்-13 தூண்டுதலில் சளி அதிகமாகச் சுரந்து, குடல் வேகமாகச் சுருங்கி, புழுவை வெளியே தள்ளப் பார்க்கும். அப்புறம் ஒன்று, ஈசினோபில் எப்போதும் நம் பக்கம்தான் என்று எழுதிவிடாதீர்கள். ஈசினோபில் இல்லாத எலிகளின் தசையில் டிரைக்கினெல்லா என்ற புழுவின் லார்வாக்கள் அதிகமாகச் செத்திருக்கின்றன.

கேள்வி: மகளுக்குக் கீரிப்பூச்சி. கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் ஈசினோபில் நார்மல். லேபில் தப்பா?

பதில்: லேபைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. கீரிப்பூச்சி குடலைத் தாண்டித் திசுவுக்குள் போவது அபூர்வம், அதனால் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறாது. கொக்கிப்புழு அப்படியில்லை. வெறுங்காலில் நுழைந்து, ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து குடலுக்கு வரும். அந்தப் பயணத்தின்போதுதான் எண்ணிக்கை எகிறும். டாக்டரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் பூச்சி மாத்திரை போடுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும்.

கேள்வி: ராத்திரியானால் இருமல், இழுப்பு. ஏ.இ.சி. 4,200. ஆஸ்துமா மருந்து கேட்கவில்லை.

பதில்: நுரையீரல் மருத்துவரிடம் யானைக்கால் புழுவைப் பற்றிக் கேளுங்கள். அதன் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, ஈசினோபில்கள் அங்கே குவிந்தால் இப்படித்தான் வரும். குஞ்சுகள் அங்கேயே அழிவதால் ரத்தத்தில் பெரும்பாலும் தெரியாது. டி.இ.சி. என்ற யானைக்கால் புழு மாத்திரையை மூன்று வாரம் கொடுப்பது வழக்கம்.

கேள்வி: அப்பா ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். ஈசினோபில் பூஜ்யம். பூச்சி இல்லை என்று நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஸ்டீராய்டு அந்த எண்ணிக்கையை அமுக்கிவிடும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பல வருடம் சத்தமில்லாமல் உடம்பில் இருந்து, ஸ்டீராய்டு கொடுத்ததும் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். அப்பா மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்தவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லி, மலப் பரிசோதனையும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.