கேளுங்கள் அக்காவிடம்: சந்தா கட்டுகிறவள் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: மாதாமாதம் சம்பளத்தில் சங்கச் சந்தா வெட்டுகிறார்கள். தேர்தல் வந்தால் அதே ஆட்கள் கட்சிக்கென்று லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்து மறுபடி காசு கேட்கிறார்கள். கணக்குக் கேட்டால் தோட்டத் தலைவர், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார். கேட்க உரிமை உண்டா அக்கா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: உண்டு தங்கச்சி. பதிவு பெற்ற சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் பார்க்கலாம் என்று இலங்கையின் 1935-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. கட்சியும் தப்ப முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் வருடா வருடம் கணக்காய்வு செய்த கணக்கைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2009-இல் சட்டம் வந்தது. ஆனால் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சங்கம் எங்கே முடிகிறது, கட்சி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய பாடு. 1939-இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்து, அடுத்த வருடமே தொழிற்சங்கமும் தொடங்கிய நாளிலிருந்து இரண்டுக்கும் ஒரே வாசல்தான். அதனால் பிரித்துக் கேளுங்கள்: சந்தா எந்தப் புத்தகத்தில், தேர்தல் காசு எந்தப் புத்தகத்தில்?

தனியாகப் போகாதீர்கள். தனியாகக் கேட்டால் சண்டைக்காரி என்று பெயர் வைத்துவிடுவார்கள். கொழுந்து மடுவத்தில் பறித்த தேயிலையை நிறுக்க நிற்கும்போது பேசி வையுங்கள், பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து மரணாதாரச் சங்கத்தைப் பெண்கள்தான் நடத்துகிறார்கள். கூட்டம் தொடங்கியதும் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் சத்தமாக வாசிப்பார்கள். அந்தத் தாளைப் பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) சுவரில் ஒட்டுவார்கள். எழுத்துத் தெரியாத பாட்டியும் எந்த வீட்டுச் சாவுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று சரியாகச் சொல்லுவாள். இப்படிப்பட்டவர்களைக் கட்சிக் கிளையில் பொருளாளராக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மாதர் தலைவி என்று ஒரு பதவி கொடுத்து, ஆரத்தித் தட்டு எடுக்கவும் மே தின பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கவும் விடுகிறார்கள். பொருளாளர் பதவியைக் கேளுங்கள். அதைக் கேட்டால்தான் தலைவருக்கு வியர்க்கும்.

கேள்வி: எங்கள் கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல், ஒலிபெருக்கி, வேன் எல்லாம் ஒரு கொந்தராத்துக்காரர் (ஒப்பந்தக்காரர்) உபயம். நாங்கள் ஏழைகள். வாங்கினால் என்ன தப்பு?
- வாசகர், அப்புத்தளை

பதில்: பெயரையும் தொகையையும் எழுதி வெளியே ஒட்டச் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள் தம்பி. பாதி உபயம் அங்கேயே நின்றுவிடும். 2023-ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம், யாரென்று வெளியே சொல்லாதவரிடம் நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. செலவுக்கும் வரம்பு உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று வைத்தார்கள். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் தேர்தல் காலத்துக்குத்தான். மிச்ச நாட்களில் வருகிற வேனைப் பார்க்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். நாளைக்குப் பிரதேச சபையில் பாதை வேலை கொடுக்கும்போது உங்கள் உறுப்பினர் அந்தக் கொந்தராத்துக்காரரின் முகத்தை எப்படிப் பார்ப்பார்?

உபயத்துக்குப் பதிலாக 300 வீட்டில் நூறு நூறு ரூபா வாங்கினால் 30,000. ஒலிபெருக்கிக்காரரே அதில் பாதியைக் கேட்பார், தெரியும். ஆனால் 300 வீட்டிலும் ரசீது இருக்கும். தேர்தல் முடிந்தும் அந்த வீடுகள் வந்து கேட்கும்.

கேள்வி: 25 வீத ஒதுக்கீடு என்று பெண்களை உள்ளூராட்சிச் சபைக்கு அனுப்பினோம். எங்கள் உறுப்பினர் வாயே திறப்பதில்லை. இதற்கு எதற்கு ஒதுக்கீடு?
- வாசகர், புசல்லாவை

பதில்: வாயே திறக்காத ஆண் உறுப்பினர்களை எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அப்போது இந்தக் கேள்வி ஏன் வரவில்லை? 2018 தேர்தலுக்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் சுமார் 2 வீதம்தான். ஒதுக்கீட்டில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வட்டாரத்தில் நின்று வென்றவர்கள் குறைவு. பலர் வட்டாரத்தில் வெல்லாமல், கட்சி கொடுக்கும் கூடுதல் பட்டியலிலிருந்து போனவர்கள். அதில் யாரை அனுப்புவது என்று கட்சிச் செயலாளர் முடிவு செய்கிறார். அவர் அனுப்பியவர் அவருக்குப் பயப்படத்தான் செய்வார். அடுத்த முறை வெல்லக்கூடிய வட்டாரத்தைப் பெண்ணுக்குக் கேளுங்கள். தேர்தல் செலவுக்கும் லயத்திலேயே சேருங்கள்.

1930-களில் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடித் தொழிலாளர்களைத் திரட்டினார். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குப் போக 2024 ஆனது: நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். அவர்கள் கட்சி உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அது வேறு கதை.

கேள்வி: நீங்கள் எந்தக் கட்சி அக்கா?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: கணக்குக் கேட்டதிலிருந்து இரண்டு கட்சிக் கூட்டங்களில் எனக்குக் கதிரை போடுவதில்லை. மூன்றாவது கட்சி கூப்பிட்டிருக்கிறது. மண்டபக் காசு யார் கொடுத்தது என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.