வலையும் டால்பினும்

மீன் பிடிக்கப் போன இடத்தில் விலங்குகளைச் சந்தித்த அனுபவங்களில் மறக்க முடியாதது எது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

என் தூண்டிலை எட்டிப் பார்த்தது நீர்க்கோழி மட்டும்தான், அதனால் நான் கேள்விப்பட்டதில் சிறந்ததைச் சொல்கிறேன். தெற்கு பிரேசிலில் லகுனா என்று ஓர் ஊர். மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வீச்சு வலையோடு வரிசையாக நிற்பார்கள். தண்ணீர் கலங்கல், மீன் இருப்பது கண்ணுக்கே தெரியாது. டால்பின்கள்தான் மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டிக்கொண்டு வந்து, சட்டென்று முதுகை வளைத்து முங்கும். அதுதான் சிக்னல். அந்த நொடியில் வலை விழ வேண்டும், தாமதித்தால் போச்சு. வலைக்குள் சிக்கியது மனிதனுக்கு, மிரண்டு சிதறியது டால்பினுக்கு. நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் கூட்டு வியாபாரம் இது, பழக்கிவிட்டவர் யாருமில்லை! அங்குள்ள எல்லா டால்பினும் இதற்கு வருவதில்லை. வருகிறவற்றை அடையாளம் கண்டு மீனவர்கள் பேரே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் வலையில் கடற்பசு சிக்கினால் என்ன செய்வது?
- ஒரு வாசகி, மல்லிப்பட்டினம்

யோசிக்காமல் வலையை அறுத்து விட்டுவிடச் சொல்லுங்கள். அது மீன் இல்லை, நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டோடு பணமும் கொடுத்திருக்கிறது, அதனால் செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.