ஆயுதக் குழுவோடு பேசி எங்காவது அகதிகள் ஊர் திரும்பியிருக்கிறார்களா?

திரும்பியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கைப் பாருங்கள். ஃப்ரெலிமோ அரசும் ரெனாமோ கிளர்ச்சிப் படையும் 1977 முதல் மோதியதில், பஞ்சமும் சேர்ந்து ஏறக்குறைய 10 லட்சம் உயிர் போனது. சுமார் 17 லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். அதில் 10 லட்சத்துக்கும் மேல் பக்கத்திலுள்ள சின்னஞ்சிறு மலாவி நாட்டில்.

1990 ஜூலையில் ரோமில் பேச்சு தொடங்கியது. நடத்தியது சாண்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்க அமைப்பு. மிரட்டப் படை கிடையாது, அள்ளிக் கொடுக்கப் பணமும் கிடையாது. இரு தரப்பும் நம்பியதற்கு அதுவே காரணம் என்பேன். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்து, 4 அக்டோபர் 1992 அன்று அதிபர் சிஸ்ஸானோவும் ரெனாமோ தலைவர் த்லகாமாவும் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்து பாதி வேலைதான். படையைவிட்டு வந்தவர்களுக்கு இரண்டு வருடம் உதவித்தொகை, ரெனாமோ கட்சியாக மாற ஐ.நா. வழியாக நிதி, 1994-ல் தேர்தல். தோற்ற ரெனாமோ நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தது. காட்டில் இருந்தவனுக்கு ஊரில் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். 1995-ல் தேவாலயங்கள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சைக்கிள், தையல் மெஷின், மண்வெட்டி கொடுத்தன. அப்படி வாங்கிய ஏ.கே.47 உள்ளிட்ட துப்பாக்கிகளின் துண்டுகளில் செய்த நாற்காலி ஒன்று இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அகதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். எல்லாம் சுபம் என்றில்லை: 2013-ல் மறுபடி சண்டை வெடித்தது, 2019-ல் மறுபடி ஒப்பந்தம் போட்டார்கள்.