தங்கைக்கு ஃபிட்ஸ் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தங்கைக்கு 22 வயது. இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்ததும் நியூராலஜிஸ்ட் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். நெட்டில் தேடினால் அது பைபோலாருக்கான (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகிற நோய்) மாத்திரை என்று வருகிறது. "மூளைக்கு மாத்திரை ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாது" என்று அம்மா பயப்படுகிறார். பாதுகாப்பாக எப்படிச் சாப்பிடுவது?

நான் டாக்டர் இல்லை. காலேஜ் நாட்களிலிருந்து ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவள், முதலில் வால்ப்ரோயேட், இப்போது லாமோட்ரிஜின். வீடு சென்னை கொளத்தூர். எங்கள் சித்தப்பாவும் வால்ப்ரோயேட்தான் சாப்பிடுகிறார், ஆனால் அவருக்கு ஃபிட்ஸே கிடையாது, பைபோலார். அதனால் டாக்டர் மாற்றி எழுதிவிட்டாரோ என்ற சந்தேகத்தை முதலில் விடுங்கள். 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸில் வேறு மருந்துகளைக் கரைப்பதற்கு வெறும் கரைப்பானாக இதைப் பயன்படுத்தியபோதுதான், எதைக் கரைத்துக் கொடுத்தாலும் வலிப்பு அடங்குகிறதே என்று கவனித்து, கரைப்பான்தான் மருந்து என்று கண்டுபிடித்தார்கள். பைபோலாரின் மேனியாவுக்கு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறுகிற கட்டத்துக்கு, அமெரிக்காவில் இதற்கு 1995இல் அனுமதி கிடைத்தது. லாமோட்ரிஜினுக்கு 2003இல், பைபோலார் மறுபடி தலைதூக்காமல் பார்த்துக்கொள்ள. அதற்காக எல்லா ஃபிட்ஸ் மாத்திரையும் பைபோலாருக்கு உதவும் என்றில்லை. மாத்திரையை வைத்து நோயை யூகிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இது. ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஒரே நேரம் என்று ஓடிக்கொண்டிருக்கும்வரை இவை பெரும்பாலும் வம்பு செய்வதில்லை. ஏதாவது மாறும்போதுதான் பிரச்சினை வருகிறது. புதிதாக ஆரம்பிக்கிற முதல் சில வாரங்கள், கடையில் வேறு கம்பெனி மாத்திரை கை மாறுகிற நாள், இன்னொரு மருந்து கூடச் சேருகிற நாள், கல்யாணம், கர்ப்பம், அப்புறம் நிறுத்துகிற நேரம். இந்த நாட்களில் மட்டும் உஷாராக இருந்தால் மீதி நாட்களில் இப்படி ஒரு மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே மறந்துபோகும்.

ஆரம்ப வாரங்களில் வால்ப்ரோயேட்டால் குமட்டல், தூக்கக் கலக்கம், லேசான கை நடுக்கம் வரலாம், போகப் போக எடை கூடும், முடி கொட்டும். (முடி விஷயத்தில் எனக்கு வந்த அறிவுரைகளை வைத்து ஒரு எண்ணெய்க் கடையே வைக்கலாம்.) இவை தொல்லை, ஆபத்து இல்லை. டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றிப் பார்ப்பார். ஆனால் விடாத வாந்தி, கண் மஞ்சளாவது, மேல் வயிற்றில் கடுமையான வலி, காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டுகள், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கல்லீரலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் நடுவில் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள், காசு பிடுங்க இல்லை. பல் பிடுங்கப் போனால்கூட இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

லாமோட்ரிஜினுக்குத் தோல்தான் முக்கியம். என்னை மாற்றியபோது டாக்டர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "தோல்ல செவப்பா எது வந்தாலும் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு வீட்ல உக்காராதீங்கம்மா, அன்னிக்கே வாங்க." முதல் எட்டு வாரம்தான் ஆபத்து அதிகம். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்தால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால்தான் அளவை ஆமை வேகத்தில் ஏற்றுகிறார்கள். வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள், வால்ப்ரோயேட்டும் கூட இருந்தால் அதிலும் பாதிதான், ஏனென்றால் வால்ப்ரோயேட் லாமோட்ரிஜினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற விடாது. நடுவில் ஒரு வாரம் போல விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, டாக்டர் அடியிலிருந்துதான் ஏற்றுவார். கார்பமசெபின் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மாத்திரையிலும் இந்தத் தோல் ஆபத்து உண்டு. ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் இருக்கும் எச்.எல்.ஏ.பி 1502 என்ற மரபணு வகை இருந்தால் அது பல மடங்கு அதிகம், அதனால் ஆரம்பிக்கும் முன்பே அந்த டெஸ்ட் வேண்டுமா என்று கேட்கலாம்.

இப்போது 22 வயதுப் பெண் என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டியது. கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10இல் ஒன்றுக்கு உடல் குறைபாடு வருகிறது, 10இல் 3 முதல் 4 குழந்தைகளுக்கு மன வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு. பிரிட்டனில் 2018லிருந்தே, கர்ப்பத் தடுப்பு ஏற்பாடு இல்லாமல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று விதி. ஃபோலிக் ஆசிட் மாத்திரை சேர்த்துக் கொடுத்தாலும் அந்த ஆபத்து முழுதாகப் போய்விடாது. இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து. சில வகை வலிப்புக்கு வால்ப்ரோயேட் அளவுக்கு வேறெதுவும் கேட்பதில்லை, உங்கள் டாக்டருக்கு அந்தக் காரணம் இருக்கலாம். ஆனால் "இவளுக்கு வேறு மாத்திரை சரிவருமா, கல்யாணம் என்று பேச்சு வந்தால் எத்தனை மாதம் முன்னால் உங்களிடம் வர வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள், உங்கள் தங்கையையே கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. என்னுடைய மாற்றம் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே, மெதுவாக, ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றி முடிந்தது.

கர்ப்பத்தை விடுங்கள், சாதாரண மாதவிடாய்ப் பிரச்சினையிலும் இது குறுக்கே வரும். வால்ப்ரோயேட்டே சிலருக்குப் பி.சி.ஓ.டி.யை (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) கொண்டுவருகிறது. அதற்குப் பெண்கள் டாக்டர் எழுதும் ஹார்மோன் மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் இருந்தால் லாமோட்ரிஜினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்ற ஃபிட்ஸ் மாத்திரைகள் நேர் எதிர், கருத்தடை மாத்திரையையே வேலை செய்யவிடாது. இந்த டாக்டர் அந்த டாக்டரிடம் பேச மாட்டார், நாம்தான் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். "அக்கா, அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்ல, இது தரட்டுமா, அதே கன்டென்ட்தான்" என்று கடைத் தம்பி சொல்வான். கன்டென்ட் ஒன்றுதான். ஆனால் க்ரோனோ என்று எழுதியிருப்பது மெதுவாகக் கரைகிற வகை, சாதாரண வால்ப்ரோயேட் வேறு. 300, 500 என்ற எண்ணும் பொருந்த வேண்டும். மெதுவாகக் கரைகிற மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. கம்பெனி மாறியே ஆக வேண்டுமென்றால் டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பை நாலாக வெட்டிக் கொடுக்கும்போது கத்திரி சரியாகப் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் இடத்தில்தான் விழும். கையில் வருவது பெயரில்லாத நாலு வெள்ளை மாத்திரை. முழு ஸ்ட்ரிப்பாகக் கேட்டு வாங்குங்கள். காசு சிக்கல் என்றால் சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். நியூராலஜி ஓ.பி. இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசில்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

வாங்கி வந்ததை எங்கே வைக்கிறோம் என்பதும் சென்னையில் முக்கியம், நம் காற்றில் இருக்கும் ஈரம் அப்படி. வால்ப்ரோயேட் மாத்திரை ஈரத்தை உறிஞ்சி நசநசவென்று ஆகிவிடும். கார்பமசெபின் இறுகிப்போய் மூன்றில் ஒரு பங்கு வீரியத்தைக்கூட இழக்கலாம். பாத்ரூம் அலமாரி, சமையலறை ஜன்னல் இரண்டும் வேண்டாம். வாரம் முழுவதற்கும் பிரித்து டப்பாவில் போடாமல், சாப்பிடும்போது ஸ்ட்ரிப்பிலிருந்து எடுங்கள். அப்புறம், அக்டோபர் பிறந்தால் வீட்டில் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்கே தெருவில் இறங்கவே முடியாத நாட்கள் இருந்தன, கடை திறந்திருந்தாலும் போய்ச் சேர முடியாது.

மற்ற மருந்துகளில் எனக்குப் பயம், நாமே கேட்டு வாங்குகிறவைதான். வயிற்றுப்போக்குக்குக் கடையில் சட்டென்று எடுத்துத் தரும் ஆஃப்லாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், வலிக்குக் கொடுக்கும் ட்ரமடால், இவை வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். கார்பமசெபின் சாப்பிடுகிறவர்கள் கிளாரித்ரோமைசின் எடுத்தால் மருந்தளவு எகிறித் தலைசுற்றல், இரட்டைப் பார்வை என்று வரும். அம்மாக்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு: கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிற தண்ணீரில் நீலகிரித் தைலம் ஊற்றுவது, நெஞ்சில் கற்பூரம் குழைத்த எண்ணெய் தடவுவது, இரண்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டன. வெறும் வெந்நீர் ஆவியே போதும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. நான் பார்த்தவரை மாத்திரை தவறுவது கல்யாண வீடுகளில்தான். சாயந்திரம் ரிசப்ஷன், ராத்திரி பன்னிரண்டு மணி வரை போட்டோ, விடிகாலை முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கு எழுப்புவார்கள், மாத்திரை வேறொரு பையில் வேறொரு ரூமில், கூட இருக்கிற பெரியம்மா, அத்தை யாருக்கும் விஷயம் தெரியாது, தெரியவும் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பார். தூக்கமும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஃபிட்ஸ் வர வேறென்ன வேண்டும். சிவராத்திரியும் வைகுண்ட ஏகாதசியும் அதே கதைதான். பைபோலார்காரர்களுக்குத் தூக்கம் கெட்டால் மேனியா தலைதூக்கும், அதனால் சித்தப்பா எந்த விசேஷமானாலும் பத்து மணிக்குப் படுக்கையில் இருப்பார், யார் என்ன சொன்னாலும் சரி. ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை கட்டாயம் ஒருநாள் தவறும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999லேயே எடுத்துவிட்டார்கள், நம் வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மனசையும் பாருங்கள். வலிப்பு மாத்திரைகளால் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் எச்சரித்தது. லெவெடிராசெட்டம் என்ற ஃபிட்ஸ் மாத்திரை சிலரை எரிந்து விழுகிறவர்களாக மாற்றிவிடும். தங்கை திடீரென்று ஆளே மாறிப்போனாற்போல் இருந்தால் "வயசுக் கோளாறு" என்று தள்ளாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை சாப்பிட்டும் ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினாலோ நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108. ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது இன்னொருவர் போனில் வீடியோ எடுத்தால் டாக்டருக்கு அது எந்த விவரிப்பையும்விட உதவும்.

கடைசியாக அம்மாவின் பயம். போதைப் பழக்கம் போல இது பிடித்துக்கொள்ளாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும் என்பதால்தான் "நீங்களே நிறுத்தாதீர்கள்" என்கிறார்கள். பொதுவாக இரண்டு வருடம் ஃபிட்ஸ் இல்லாமல் இருந்தால் குறைக்கலாமா என்று டாக்டர் யோசிப்பார், அதையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் செய்வார். சில வகை வலிப்புக்கு ரொம்ப வருடம் வேண்டியிருக்கும். என்னுடையது அந்த வகை. உங்கள் தங்கையுடையது எது என்று இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டரால்தான் சொல்ல முடியும், அடுத்த தடவை போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவர் எதிரிலேயே அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.